கடைக்குச் சொந்த முகவரி வேண்டும்: சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் ஏன் அவசியம்?

நோன்புப் பெருநாளுக்குப் பதினைந்து நாட்கள் இருக்கும்போது மருதமுனையிலிருந்து என் காக்கா அழைத்தார். கைத்தறிக் கடை நடத்தும் அவருக்கு வழமையாக அந்த நாட்களில் பேச நேரமே இருக்காது.

"தம்பி, நம்மட பேஜ் இல்லடா. காலையில திறந்து பாத்தா எவனோ பேர மாத்தி வேற என்னமோ விக்கிறான்" என்றார்.

முந்திய இரவு அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. உங்கள் பக்கத்திலுள்ள படங்கள் காப்புரிமையை மீறுகின்றன, 24 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பக்கம் நீக்கப்படும் என்று எழுதி ஓர் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். பெருநாள் வியாபாரம் கெட்டுவிடுமே என்ற பயத்தில் காக்கா அதை அழுத்தி, கேட்ட இடத்தில் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார். ஏழு வருடங்களாக வளர்த்த பக்கம் ஒரே இரவில் மோசடிக்காரர் கைக்குப் போய்விட்டது. அதைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய பதினோராயிரம் பேர்.

"வழமையா வாங்குற ஆக்கள்ட நம்பர் இருக்கா?" என்று கேட்டேன். கடையிலிருந்த கொப்பியில் 63 இலக்கங்கள்தான் இருந்தன. மற்ற எல்லோரும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தார்கள்.

அந்தப் பெருநாளுக்கு நெய்து வைத்த சாறன்களில் பாதி அலுமாரியிலேயே தங்கிவிட்டது. எங்களுக்காக மூன்று வீடுகளில் தறி ஓடுகிறது. அவற்றில் இரண்டு அடுத்த இரண்டு மாதங்கள் நின்றுபோயின. ஒரு தறியில் உழைத்துத்தான் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். டோஹாவில் தொழில் செய்யும் ஒரு சகோதரர் வருடம் தவறாமல் எங்களிடம் இருபது சாறன்கள் எடுப்பவர். பெருநாள் முடிந்த பிறகு அவரைத் தேடிப்பிடித்துப் பேசியபோது, "பேஜ காணல்ல, கடைய மூடிட்டீங்க போலன்னு நினச்சன்" என்றார்.

நான் இணையத்தளம் செய்து விற்பவன் அல்ல. கொழும்பில் கணக்கு வேலை பார்ப்பவன். எங்கள் குடும்பம் நட்டப்பட்டுக் கற்றதை நம் ஊர்களிலுள்ள மற்ற வியாபாரிகள் நட்டப்படாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரவல் விறாந்தை

பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப் குழு, இன்ஸ்டகிராம் எல்லாம் நல்ல கருவிகள். காக்காவின் வியாபாரம் வளர்ந்ததே அவற்றால்தான். ஆனால் அவை மற்றவர் வீட்டு விறாந்தையில் கடை விரிப்பதைப் போன்றவை. சனம் வரும், வியாபாரமும் நடக்கும். வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் நம்மால் ஒன்றும் கேட்க முடியாது.

அந்தக் கதவு நம் நாட்டில் பல தடவை சாத்தப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறைகளின்போது பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் என்பன முடக்கப்பட்டன. பேஸ்புக் திரும்பி வர ஒரு வாரத்துக்கும் மேலானது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் அந்த மாத இறுதிவரை மீண்டும் தடை இருந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஏறக்குறைய 15 மணித்தியாலங்கள் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன. அரசாங்கத் தடை எதுவும் இல்லாமலே, 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி தொழில்நுட்பக் கோளாறால் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன.

இந்த நாட்களிலெல்லாம் சொந்த இணையத்தளம் வைத்திருந்த கடைக்கு, நாட்டின் பெரும்பாலான இடங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வாடிக்கையாளர் வந்து பார்க்கக்கூடியதாக இருந்தது. பேஸ்புக்கை மட்டுமே நம்பியிருந்த கடை அந்த நாட்களில் காணாமற் போயிருந்தது.

தேடுபவருக்குக் கிடைக்க வேண்டும்

"நம்மள ஊர்ல எல்லாருக்கும் தெரியும், வெப்சைட் என்னத்துக்கு?" என்று வாப்பா கேட்டார். ஊருக்குள் விற்பதற்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் இன்று கைத்தறி வாங்குபவர் ஊருக்குள் மட்டும் இல்லை.

அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர், பாசிக்குடா பக்கம் போவதற்கு கல்முனை, மருதமுனை வழியாகச் செல்லும் மட்டக்களப்பு வீதியையே பயன்படுத்துகிறார். அவர் கடையைக் கடந்து போவார். தறிச் சத்தம் கேட்கும் ஊர் இது என்று அவருக்கு யாரும் சொல்லப் போவதில்லை. அவர் கூகுளில்தான் தேடுவார். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாம் போடும் படம் கூகுளில் வராது, 24 மணித்தியாலத்தில் மறைந்தும் விடும். பேஸ்புக்கில் நேற்றுப் போட்ட படம் இன்று கீழே போய்விடும். இணையத்தளத்தில் எழுதி வைத்த பக்கம் அங்கேயே இருக்கும். இன்று தேடுபவருக்கும் கிடைக்கும், அடுத்த வருடம் தேடுபவருக்கும் கிடைக்கும்.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். கட்டார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அவர் வேலை முடித்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். கடையில் பதில் சொல்ல ஆள் இருக்காது. விலையும் அளவும் இணையத்தளத்தில் இருந்தால் அவர் அப்போதே முடிவெடுப்பார்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வியாபாரிகளிடம் "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்று போடும் பழக்கம் இருக்கிறது. எங்கள் கடையிலும் இருந்தது. விலை கேட்கக் கூச்சப்படுபவர் கேட்காமலே போய்விடுவார். வெளிப்படையாக விலை போட்ட பிறகு வீண் விசாரிப்புகள் குறைந்தன. அழைப்பவர்களில் பெரும்பாலானோர் வாங்கும் எண்ணத்துடனேயே அழைக்கிறார்கள்.

இன்னொரு பயன் எங்கள் தொழிலுக்கு மிக முக்கியமானது. இயந்திரத் தறியில் நெய்ததையும் அச்சிட்ட துணியையும் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். விலையில் நம்மால் அவர்களோடு போட்டி போட முடியாது. அச்சிட்ட துணியைத் திருப்பினால் பின்பக்கம் மங்கலாகத் தெரியும், நூலுக்குச் சாயமிட்டு நெய்த துணியில் இரு பக்கமும் நிறம் ஒன்றுபோல இருக்கும் என்பது போன்ற விடயங்களைப் படத்துடன் விளக்கி வைத்திருக்கிறோம். தறியில் பாவு ஏற்றுவதைக் காட்டும் ஒரு சிறிய காணொளியும் இருக்கிறது. அதைப் பார்த்தவர் ஏன் விலை கூட என்று கேட்பதில்லை.

என்ன இருக்க வேண்டும்?

பெரிய கம்பனிகளின் தளத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எங்களுடையது ஐந்தே பக்கங்கள்: நாங்கள் யார், பொருட்களும் விலையும், எப்படி நெய்கிறோம், அனுப்பும் முறையும் மாற்றிக்கொடுக்கும் நிபந்தனையும், தொடர்பு விபரம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் இருக்கிறது. சிங்களப் பக்கத்தை மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் விடாமல் மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதினோம். பிழையான மொழியில் எழுதிய கடையை யார் நம்புவார்?

பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கையடக்கத் தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். எனவே படங்களைச் சிறிதாக்கிப் போட வேண்டும். பக்கம் திறக்கத் தாமதித்தால் டேட்டா செலவழித்துக் காத்திருக்க மாட்டார்கள். இலக்கத்தை அழுத்தியவுடன் வட்ஸ்அப் திறக்கும் வகையில் வைத்தால் வாங்குபவருக்கு இலகு. இதனுடன் கூகுள் வரைபடத்திலும் கடையைப் பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஏமாறாமல் இருக்க

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர். தளம் செய்து தருபவர் அதைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டு, பிறகு தொடர்பில்லாமல் போன கதைகளை நான் நேரடியாகக் கேட்டிருக்கிறேன். கடை உறுதியை மேசனின் பெயரில் எழுதுவோமா? பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். தவறவிட்டால் வேறொருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். இரட்டைப் பாதுகாப்பு முறையைச் செயற்படுத்துங்கள். காக்கா பேஸ்புக்கில் அதைச் செய்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பறிப்பது அவ்வளவு இலகுவாக இருந்திருக்காது.

டொட் கொம் முகவரி ஒன்றுக்கு வருடத்துக்குச் சாதாரணமாக 10 முதல் 15 அமெரிக்க டொலர் வரை செலவாகும். டொட் எல்கே முகவரியும் எடுக்கலாம். 2010 முதல் தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரியும் நம் நாட்டுக்கு இருக்கிறது. தளத்தை வைத்திருக்கும் ஹொஸ்டிங் செலவு இதற்கு மேலதிகம். தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகவே பெறலாம், அதற்கெனப் பெருந்தொகை கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தளத்தைத் திறந்த மறுநாளே வாடிக்கையாளர் வரிசையில் நிற்கவில்லை. முதல் மூன்று மாதங்களில் அதைப் பார்த்து வந்தவர்கள் நான்கே பேர். "இதுக்கா இவ்வளவு பாடுபட்ட?" என்று வாப்பா சிரித்தார். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் கொழும்பில் சிறிய ஆடைக் கடை நடத்துபவர். இப்போது மாதா மாதம் சாரி எடுக்கிறார். நின்றுபோயிருந்த இரண்டு தறிகளும் மீண்டும் ஓடத் தொடங்கியது அவருடைய ஓடரால்தான்.

காக்கா புதிய பேஸ்புக் பக்கமும் தொடங்கியிருக்கிறார், வட்ஸ்அப் குழுவும் நடக்கிறது. ஒவ்வொரு பதிவின் கீழும் கடையின் இணைய முகவரியைப் போடுகிறார். வாங்கும் எல்லோரிடமும் அனுமதி கேட்டு இலக்கத்தைத் தன் பதிவேட்டிலும் எழுதிக்கொள்கிறார். நாளை அந்தப் பக்கம் போனாலும் கடையை எங்கே தேடுவது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும்.

உங்கள் கடையின் பேஸ்புக் பக்கம் நாளை காலை இல்லாமற் போனால் எத்தனை வாடிக்கையாளரை உங்களால் அழைக்க முடியும்? இன்றிரவு கடையைப் பூட்டுமுன் கொப்பியை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.