ஜெர்மனியில் காலி வீடு: கட்டில், பீரோ வாங்கும் முன் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்

நம் ஊரில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சமையல் மேடை, சிங்க், சுவர் அலமாரி எல்லாம் வீட்டோடு இருக்கும். ஜெர்மனியில் பர்னிச்சர் இல்லாத வீடு என்று விளம்பரம் செய்தால் அது பெரும்பாலும் நிஜமாகவே காலி வீடு. சமையலறையில் தண்ணீர் குழாய் இணைப்பும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும் சுவரில் நீட்டிக் கொண்டிருக்கும். சிங்க் கூட இருக்காது. விளக்கு மாட்ட வேண்டிய இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும்.

2021ல் வேலை காரணமாக நான் குடும்பத்துடன் ஸ்டுட்கார்ட் நகரில் குடியேறியபோது கிடைத்ததும் இப்படிப்பட்ட வீடுதான். அடிப்படை வாடகையைப் போல் மூன்று மடங்கு வரை டெபாசிட் கேட்க அங்கு சட்டம் அனுமதிக்கிறது. (இதனை மூன்று தவணைகளில் கட்டலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. யாரும் நமக்குச் சொல்வதில்லை.) அதனைக் கட்டிய பின் கையில் இருப்பதில்தான் கட்டில், மெத்தை, பீரோ, மேஜை, சமையலறை அனைத்தையும் வாங்க வேண்டும். ஒரு பொருள் அளவு மாறிப் போனால் அடுத்த பொருளுக்குப் பணம் இருக்காது. எனவே ஒரு விதி வைத்துக் கொண்டேன். கம்ப்யூட்டரில் என் அறைக்குள் பொருந்தாத எந்தப் பொருளையும் கடையில் விலை கேட்பதில்லை.

இலவச சாப்ட்வேர்

இதற்கு நான் பயன்படுத்தியது ஸ்வீட் ஹோம் 3டி என்ற புரோகிராம். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பழைய லேப்டாப்பே போதும்.

வீட்டு வாடகை விளம்பரங்களில் பெரும்பாலும் வீட்டின் வரைபடம் ஒன்றும் படமாகத் தரப்பட்டிருக்கும். அதனை டவுன்லோட் செய்து கொள்ளவும். புரோகிராமைத் திறந்து, பிளான் மெனுவில் பேக்ரவுண்ட் இமேஜ் இம்போர்ட் செய்வதற்கான பிரிவில் கிளிக் செய்து இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து ஸ்கேல் கேட்கப்படும். இதுதான் முக்கியமான இடம். படத்தின் மீது ஒரு கோடு தெரியும். அதன் இரு முனைகளையும் இழுத்து, உங்களுக்கு அளவு தெரிந்த ஒரு சுவரின் இரு ஓரங்களில் வைக்கவும். பின் அந்தச் சுவரின் உண்மையான நீளத்தை டைப் செய்திடவும். இனி படம் முழுவதும் அதே விகிதத்திற்கு வந்துவிடும். படத்தின் மேலேயே சுவர்களை வரைந்து கொண்டு, கதவு ஜன்னல்களை இடது பக்கப் பட்டியலிலிருந்து இழுத்து வந்து பொருத்த வேண்டியதுதான்.

சுவரின் நீளத்தை டேப் வைத்து நீங்களே அளந்து விடுங்கள். போன் கேமரா மூலம் அளக்கும் வசதி ஐபோனில் 2018 முதல் இருக்கிறது. ஒரு குத்துமதிப்புக்கு அது சரி. இரண்டு சுவர்களுக்கு நடுவே பீரோ நுழையுமா என்று பார்க்கும்போது இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

கட்டில், பீரோ படங்களை அறைக்குள் இழுத்துப் போட்ட பின், அதன் மீது டபுள் கிளிக் செய்தால் அகலம், ஆழம், உயரம் ஆகியவற்றை மாற்றும் விண்டோ கிடைக்கும். கடையின் இணையதளத்தில் உள்ள அளவுகளை அப்படியே இங்கு தரவும். விகிதத்தைக் காப்பாற்றும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் அகலத்தை மாற்றினால் உயரமும் சேர்ந்து மாறும். ஜெர்மன் கடைகளில் பி, ஹெச், டி என்ற எழுத்துகளோடு மூன்று எண்கள் இருக்கும். முறையே அகலம், உயரம், ஆழம். பீரோவின் ஆழத்தை மட்டும் பார்க்காமல், கதவு திறக்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் வீடு மேல் மாடியில், சாய்கூரையின் கீழ் இருந்தது. இத்தகைய வீடுகளில் பரப்பளவைக் கணக்கிட 2004ல் வந்த தனி விதியே இருக்கிறது. இந்த முறையில் கணக்கிடும்போது, கூரை உயரம் ஒரு மீட்டருக்குக் குறைவான இடத்தைச் சேர்ப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் பாதி இடம் மட்டும் கணக்கு. ஆகவே 60 சதுர மீட்டர் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் தரை அதைவிடப் பெரிதாகவே இருக்கலாம். ஆனால் உயரமான பீரோ நிற்கும் சுவர் ஒன்றோ இரண்டோதான். ஸ்வீட் ஹோம் 3டியில் ஒரு சுவரின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு உயரம் தரலாம். அப்படித் தந்து 3டி தோற்றத்தில் அறைக்குள் நடந்து பார்த்தபோது, நாங்கள் ஆசைப்பட்ட 236 சென்டிமீட்டர் பீரோவுக்கு வீட்டில் இடமே இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பதில் சாய்வின் கீழ் உயரம் குறைந்த இழுப்பறைகள் இரண்டு வாங்கினோம்.

வீட்டுக்குள் பொருந்தினால் மட்டும் போதாது. படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்து வையுங்கள். பழைய கட்டடங்களில் பல மாடி இருந்தும் லிப்ட் இருக்காது. தனித்தனிப் பலகைகளாக அட்டைப் பெட்டியில் வரும் பர்னிச்சருக்கு இதில் பிரச்னை இல்லை. சோபாதான் மாட்டிக் கொள்ளும்.

ஒரு கட்டில், மூன்று பில்

கட்டிலின் விலையைப் பார்த்து மலிவு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பல கடைகளில் அது வெறும் சட்டம் மட்டும்தான். மெத்தையைத் தாங்கும் மரச்சட்டங்களின் வரிசை தனி. அதன் பெயர் லாட்டன்ரோஸ்ட். ரோஸ்ட் என்ற சொல்லுக்குத் துரு என்றும் பொருள் உண்டு என்பதால், மொழிபெயர்ப்பு புரோகிராம் துருவைப் பற்றி ஏதாவது சொன்னால் பயப்பட வேண்டாம். மெத்தையும் தனி. 180க்கு 200 அளவுள்ள இருவர் கட்டிலில் 90 சென்டிமீட்டர் மெத்தைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது அங்கு வழக்கம். நடுவில் குழந்தையைப் படுக்க வைக்கும் நம் வீடுகளுக்கு இந்த இடைவெளி ஒத்து வராது. ஒரே மெத்தையாகக் கேட்டு வாங்குங்கள்.

சமையலறையை, காலி செய்து போகிறவரிடமிருந்தே விலை பேசி வாங்கிக் கொள்ளலாம். இந்தத் தொகைக்கு அப்லோசே என்று பெயர். வீடு வேண்டுமானால் இதனை வாங்கியே ஆக வேண்டும் என்று பேசுபவர்களும் உண்டு. பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை பேசப்பட்டிருந்தால், அந்த அதிகப்படியான பகுதி சட்டப்படி செல்லாது. அடுப்பு, பிரிட்ஜ் எந்த ஆண்டு வாங்கியவை என்று கேட்டு, பில்லையும் பார்த்த பின் கையெழுத்திடுங்கள்.

மற்ற பழைய பொருட்களுக்கு க்ளைன்ஆன்சைகன் என்ற தளம். 2023 வரை பெயரில் ஈபே என்பதும் சேர்ந்திருந்தது. விலைக்குப் பக்கத்தில் விபி என்று இருந்தால் பேரம் பேசலாம். எஃப்பி என்றால் பேசக் கூடாது. "சூ ஃபெர்ஷெங்கன்" என்றால் இலவசம். எங்கள் சாப்பாட்டு மேஜை அப்படி வந்ததுதான். நல்ல தேக்கு போல் கனம். தூக்குவதற்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது.

இங்கு மோசடியும் உண்டு. எனக்கே ஒருவர், சோபாவுக்குப் பலர் போட்டி போடுவதாகவும் பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் முன்பணம் அனுப்பினால் எடுத்து வைப்பதாகவும் எழுதினார். அந்த முறையில் அனுப்பும் பணத்திற்கு பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றதும் பதிலே இல்லை. 2025 அக்டோபர் முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று காட்டுகின்றன. பொருந்தினாலும் சோபா வீட்டில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதுப் பொருளை ஆன்லைனில் வாங்கினால், கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே ஆர்டரை ரத்து செய்யலாம். கடைக்கு நேரில் சென்று வாங்கியதற்கு இந்த உரிமை சட்டத்தில் இல்லை. கடைக்காரராகப் பார்த்துத் தந்தால்தான் உண்டு. உங்கள் அளவுக்கென்றே செய்து தந்த பொருளுக்கும், தனி நபரிடம் வாங்கியதற்கும் இது பொருந்தாது. ரத்து செய்யும் முன், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று விற்பனை நிபந்தனைகளில் பாருங்கள். பீரோவை லாரியில் திருப்பி அனுப்ப அதன் விலையில் கணிசமான பகுதி ஆகிவிடும். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டாலும் திருப்பித் தரலாமா என்று ஒரு ஜெர்மன் வழக்கில் கேள்வி எழுந்தது. தரலாம் என்று 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே உறையைப் பிரித்து, தைரியமாகப் படுத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டியையும் பில்லையும் மட்டும் 14 நாள் வரை தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.