வேகத்திற்கு உரிய இடம்

வேகத்தின்மீது மனிதனுக்குள்ள காதல் மிகப் பழையது. குதிரையைப் பழக்கிய நாளிலேயே அதனை ஓடவிட்டுப் பார்த்திருப்பான்; மோட்டார் வண்டி கைக்கு வந்தபின் அந்த ஆசை அடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில், மாதந்தோறும் தவணை கட்டி, முதன்முதலாக ஒரு வண்டி வாங்கிய இளைஞன், ‘இஃது எவ்வளவு வேகம் போகும்?’ என்று ஒருமுறையேனும் எண்ணாமல் இரான். அந்த எண்ணம் குற்றமன்று. அதனை எங்கே தீர்த்துக்கொள்வது என்பதே கேள்வி.

தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு ஹைதராபாத்தில் வந்து வாழும் நம்மவர் பலர். செகந்தராபாத்தில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞரும் உண்டு. இவர்கள் வாழும் நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்திற்கு வெளிவட்டச் சாலை வளைந்து கிடக்கிறது. நள்ளிரவில் அகன்ற அந்தச் சாலை ஆளரவமின்றிக் கிடப்பதைக் காணும்போது, ‘வேகம் பார்க்க இதுவே தக்க இடம்’ என்ற மயக்கம் எழுவது இயல்பு.

மயக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 27 மீட்டருக்குமேல் கடந்துவிடுகிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கைச் சென்று மிதிப்பதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மேலும், வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் பழுதான லாரியும், குறுக்கே ஓடும் நாயும், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும் இந்தக் கணக்கை அறியமாட்டார்கள். வேகத்தை விரும்பியவன் ஒருவன். அதன் விலையைக் கொடுப்பவன் மற்றொருவன் என்றாகிவிடுவது எவ்வளவு கொடுமை!

சட்டமும் இதனைப் பொறுப்பதில்லை. பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதையும் வேகச் சோதனை செய்வதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், முதற் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் சிறை ஓராண்டு வரையும் அபராதம் 10,000 ரூபாய் வரையும் நீளும்.

அப்படியானால் வேகத்திற்கு உரிய இடம் எது? அதற்கென்றே அமைத்த பந்தயத் தடம்தான். அந்தத் தடத்தைப் போட்டி இல்லாத நாட்களில், கட்டணம் பெற்றுக்கொண்டு, பொதுமக்கள் தம் சொந்த வண்டியை ஓட்டுவதற்குத் திறந்துவிடுவது உண்டு. இதனை ‘டிராக் டே’ என்பர். நாம் ‘தட நாள்’ என்று சொல்லலாம். இது பந்தயம் அன்று. பரிசு இல்லை, முதல்வன், கடைசியன் என்ற வரிசையும் இல்லை. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும்; குறுக்கே வருவார் எவருமிலர்; வழி தவறினால் உருண்டு சென்று நிற்பதற்குத் திறந்த வெளி உண்டு; கொடி காட்டும் காவலரும் மருத்துவ வண்டியும் அருகிலேயே இருப்பர். ஜெர்மனியில் 1927-ஆம் ஆண்டு திறந்த நூர்பர்க்ரிங் தடத்தில், சுங்கம் கட்டுவதுபோல் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, சாதாரணக் குடிமகனும் தன் வண்டியை ஓட்டி வருகிறான்.

சாலைக்கும் தடத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஹைதராபாத்வாசிகள் நேரிலேயே கண்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் உலகப் போட்டியான ஃபார்முலா ஈ நடைபெற்றது. நாள்தோறும் மக்கள் போய்வரும் சாலை அன்று தடமாயிற்று. ஆயினும் எப்படி? இருமருங்கிலும் தடுப்புச் சுவர் எழுப்பி, போக்குவரத்தை முற்றும் நிறுத்தி, மருத்துவரையும் தீயணைப்போரையும் நிறுத்திய பின்னரே ஒரு கார் அங்கே சீறிப் பாய்ந்தது. போட்டி முடிந்ததும் அது மீண்டும் சாலையாகிவிட்டது. சாலையைத் தடமாக்குவது தைரியம் அன்று, ஏற்பாடே என்பதை அந்த ஒரு நாள் விளக்கிற்று.

நல்ல தடங்களுக்கு நாம் நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. இந்தியாவின் மோட்டார் பந்தய வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. 1953-இல் சென்னையில் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில், விமானம் இறங்கிய ஓடுபாதையிலேயே பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், அக்கழகத்தின் முயற்சியால், 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் திறக்கப்பெற்றது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம்; பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் செல்லும் வழக்கமுடையவர்க்கு இது புதிய வழி அன்று.

‘இதெல்லாம் செல்வர்களின் விளையாட்டு அல்லவா?’ என்று கேட்கலாம். இக்கேள்விக்குச் செட்டிபாளையத்துத் தடத்தின் பெயரே விடை கூறும். அது கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தனின் நினைவாக அமைந்தது. வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்கச் சிலருக்கே இயலும் என்று கண்ட அவர், 1980-களின் பிற்பகுதியில், தெருவில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினைக் கொண்டே எளிய பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தச் சிறு கார், பந்தயத்தின் கதவைப் பல இளைஞருக்குத் திறந்துவிட்டது. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். ஆனால் ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். திறமை வளர விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, குறைந்த பொருளில் தொடங்குவோன் பணத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்று பார்ப்போம்.

முதற்படி, தன் வண்டியைத் தொடாமலே தொடங்குவது. கார்ட் எனப்படும் சிறு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டும் தடங்கள் ஹைதராபாத்தைச் சுற்றிலும் உண்டு. இதனைக் குழந்தை விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் பொறியின் என்ஜினை வைத்துக் கட்டிய முதல் கார்ட்டிலிருந்து இது தொடங்கிற்று. பிற்காலத்தில் ஏழுமுறை உலகப் பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கர், ஒரு கொத்தனாரின் மகன். கெர்பென் என்னும் ஊரில் கார்ட் ஓட்டிப் பழகியவர். வளைவை எங்கே தொடங்குவது, பிரேக்கை எப்போது விடுவது என்பனவற்றைக் கார்ட் கற்பிக்கும். அங்கே வீணாவது வாடகை டயர். நம் டயர் அன்று.

இரண்டாவது, உடலுக்குக் காப்பு. கார் ஓட்டுவோனுக்கு முகம் முழுதும் மூடும் நல்ல தலைக்கவசமும், உடலை மூடிய பருத்தி உடையும், மெல்லிய அடியுள்ள மூடிய காலணியும் போதும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோனுக்குத் தோலாடை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் காப்பு ஆகிய யாவும் வேண்டும். தோலாடையை வாடகைக்குப் பெற வழி உண்டா என்று ஏற்பாட்டாளரைக் கேட்கலாம். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கற்க. ஒருமுறை அடிபட்ட கவசம் வெளித்தோற்றத்தில் புதிதுபோலவே இருக்கும். அடுத்த அடியைத் தாங்காது.

மூன்றாவது, பிரேக். புதிதாகத் தொடங்குவோர் பலர் என்ஜினின் ஆற்றலைக் கூட்டுவதற்கே முதலில் பட்டறைக்குச் செல்கின்றனர். இது தலைகீழ் வரிசை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகைக்கு, புதிதாக இருக்கையில் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். தடத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் பிடிக்கையில் எழும் வெப்பத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். அப்போது மிதித்த கால் பஞ்சில் புதைந்ததுபோல் இறங்குமே ஒழிய வண்டி நில்லாது. ஆகவே தட நாளுக்கு முன் ஆயிலை மாற்றுவதும், பிரேக் பேடின் கனத்தைப் பார்ப்பதும் தவிர்க்கலாகாதவை. செலவோ சிறிது.

நான்காவது, டயர். வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவெல்லாம் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஒரு நிறுவனத்தின் டயர்கள் அங்குள்ள சரிவு வளைவைத் தாங்கமாட்டா என்று தெரிந்ததும், பதினான்கு கார்கள் ஓடாமலே விலகிக்கொண்டன; ஆறு மட்டுமே ஓடின. அன்று நான்காவதாக வந்தவர் நம் கார்த்திகேயன். கோடிக்கணக்கில் செலவிடும் குழுக்களே டயரில் ஐயம் வந்தால் விலகி நிற்கும்போது, தேய்ந்த டயருடன் நாம் இறங்கலாமா? வெடிப்பும் வீக்கமும் இல்லாத டயர் வேண்டும். ஓடச் சூடானால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் அளந்து சரிசெய்க.

ஐந்தாவது, கல்வி. அருகே அமர்ந்து வழிகாட்டும் ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம், என்ஜினுக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பன்மடங்கு பயன் தரும். அவர் முதலில் கற்பிப்பது மிக எளிய பாடம்: வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறை, வெளியோரத்தில் தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்தில் முடி, மெதுவாக நுழைந்து விரைவாக வெளியேறு, பார்வை வண்டியின் மூக்கில் அன்று, போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். இவை கைவந்தபின் பழைய சிறு காரும் வியக்கத்தக்க வண்ணம் ஓடும். என்ஜினைப் பற்றி எண்ணுவது இதற்கெல்லாம் அப்பால்.

தட நாளன்று காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும். அதற்குத் தாமதமின்றிச் செல்க. கொடிகளின் மொழியை மனப்பாடம் செய்துகொள்க. மஞ்சள் என்றால் அபாயம். வேகம் குறை, முந்தாதே. சிவப்பு, ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெல்ல நிறுத்தகத்திற்குத் திரும்பு. நீலம், பின்னால் விரைந்த வண்டி வருகிறது, வழிவிடு. கறுப்பு, உன்னையே அழைக்கிறார்கள். மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால், தடம் வழுக்குகிறது. இறங்குமுன் வண்டியிலுள்ள தளர்ந்த பொருள்களை எடுத்துவிடுக. கால்மிதியும் தண்ணீர்ப் புட்டியும் பிரேக்கின் கீழ் உருண்டு உயிருக்கு உலை வைக்கக்கூடும். சக்கர நட்டுகளையும் எண்ணெய் அளவையும் பார்க்க. கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெல்ல ஓட்டி வண்டியைக் குளிர்விக்க. நிறுத்தியபின் கை பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்திற்குக் கட்டை வைக்க. சூடான பிரேக் அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். நண்பர் இருவர் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். ஆனால் ஒருவர் இறங்கியதும் மற்றவர் ஏறினால் வண்டிக்கு ஓய்வு இராது. இடையே ஆறவிடுக.

இறுதியாக, மறைந்துநிற்கும் செலவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு வழக்கமான மோட்டார் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்படுகிறது. தடத்தில் வண்டி நொறுங்கினால் இழப்பு நம்முடையது என்று கருதியே இறங்க வேண்டும். ஏற்பாட்டாளர் தரும் பொறுப்பு விலக்குப் பத்திரத்தையும் படித்துப் பார்த்தே ஒப்பமிடுக. தவணை தீராத வண்டியை, அலுவலகம் செல்ல வேறு வண்டி இல்லாத நிலையில், தடத்திற்குக் கொண்டுசெல்வது விவேகம் அன்று. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம் முதலில். வீட்டு வாடகை அடுத்தது. விளையாட்டு அவற்றுக்குப் பின்னரே. ஆண்டிற்கு ஒருமுறை போதும் என்றால் ஒருமுறையே போதும். அந்த ஒருநாளைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செல்க. மறைத்துச் செய்ய வேண்டிய வேகம் சாலைக்குரியது. சொல்லிவிட்டுச் செய்யத்தக்க வேகமே தடத்திற்குரியது.

தடத்தில் ஒருநாள் முறையாக ஓட்டியவன், தன் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் காலால் அறிந்தவன் ஆகிறான். மறுநாள் வெளிவட்டச் சாலையில் ஏறும்போது, முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் இடையே அவன் விடும் இடைவெளி, கேட்காமலே, கூடியிருக்கும்.