உழைத்த கையில் ரேகை விழவில்லை!

ரேஷன் கடை முன்னால் நீண்ட வரிசை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பாட்டி, கருவியின் அருகே வந்தாள். விரலை வைத்தாள். கருவி ஏற்கவில்லை.

"வேறு விரலை வையுங்க, பாட்டி."

வைத்தாள். ஊகூம்! முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அப்போதும் இல்லை.

"என்னை உனக்குத் தெரியாதா, தம்பி?" என்று கேட்டாள்.

தம்பிக்குத் தெரியும். கருவிக்குத் தெரியவில்லையே!

தாய் வயிற்றிலேயே

விரல் ரேகை, நாம் பிறக்கும் முன்பே தாயின் வயிற்றில் உண்டாகிவிடுகிறது. ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இராது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வேறு வேறுதான்.

1858-ம் ஆண்டில் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கை அச்சு வாங்கினார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஓர் அலுவலகம் ஏற்பட்டது.

தேய்வது ஏன்?

ரேகை என்பது தோலில் உள்ள மேடு பள்ளம். செங்கல் சுமப்பவர்கள், சிமெண்டு குழைப்பவர்கள், ஓயாமல் பாத்திரம் துலக்குபவர்கள் ஆகியோருக்கு மேடு தேய்ந்துவிடும். வயதானால் தோல் வறண்டு, மேடு தட்டையாகிவிடும்.

மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், கைக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை மீண்டும் வளரும். ஆனால், கூலி வேலைக்காரர் ஓய்வு எடுத்தால் அடுப்பு எப்படி எரியும்?

என்ன செய்யலாம்?

கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு விரலை வையுங்கள். தோல் வறண்டிருந்தால், முந்தின இரவு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காலையில் கழுவிவிடுங்கள்.

ஒரு விரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள். பெரியவர்களின் ஆதாரில் 10 விரல்களும் 2 கண்களும் பதிவாகியிருக்கின்றன. கடையில் கண்ணைப் பார்க்கும் கருவி இருந்தால் கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிந்து கொள்ளவும் வழி உண்டு.

ரேகை விழவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று, மத்திய அரசு 2017-ம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இதை மறக்காதீர்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

பாட்டி என்ன ஆனாள்?

கடைக்காரர் இன்னொரு கருவியை எடுத்தார். "கண்ணை நல்லாத் திறங்க, பாட்டி" என்றார்.

விரல் கைவிட்டது. கண் கைகொடுத்தது!

அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாற்பது வருஷம் செங்கல் சுமந்த கை, தம்பி. ரேகையைச் சூளையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்!" என்றாள்.