கடற்கலத்தின் வழிகாட்டுத் தரவுகளும் முதன்மை வரிசையும்: சீனன்குடாவை முன்வைத்து ஒரு நோக்கு

கடலிலே தன் இருப்பிடத்தை அறிதல் தனியொரு கருவியின் தொழிலன்று. ஒன்றையொன்று சரிபார்க்கும் பல சான்றுகளின் பயனே அது. சீனன்குடாவைச் சார்ந்த கொட்பே மீன்பிடித் துறைமுகத்தின் பலநாட் கலங்களை மனங்கொண்டு இவ்விடயத்தை ஈண்டு நோக்கலாம்.

கருவிகள் வருமுன் கடலோடிகள் கரைக்குறிகள் இரண்டை நேர்கோட்டில் வைத்துத் தம் இடத்தைக் கணித்தனர். குறி மறைந்தவிடத்து விண்மீனையும் நீரோட்டத்தையும் நாடினர். எதற்கு எப்போது முதன்மை அளிப்பது என்னும் அறிவு உழைப்பிலே பிறந்து உழைப்போரிடமே இருந்தது.

இன்று செய்மதி இடங்காட்டி, திசையறிகருவி, ஆழமானி, தன்னியக்கச் சுக்கான் ஆகியவற்றை ஒரே வடத்தில் இணைக்க இயலும். இதற்குரிய என்.எம்.ஈ.ஏ. 2000 என்னும் நியமத்தில் ஒவ்வொரு செய்தியும் 0 முதல் 7 வரையான முன்னுரிமை எண்ணொன்றைத் தாங்கிவரும். சிறிய எண் முந்திச் செல்லும். ஆயின், இவ்வெண் யார் முந்திப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கிறதேயன்றி, யார் உண்மை பேசுகிறார் என்பதையன்று. ஒரே தரவை இரு கருவிகள் தரும்போது எதனை ஏற்பது என்பது காட்சித்திரையில் மனிதர் தெரிந்தெடுக்கவேண்டிய வேறொரு விடயமாகும்.

இவ்வேறுபாட்டின் விலையை 1995 யூன் 10ஆம் நாள் உணர்த்தியது. பேர்முடாவிலிருந்து பொஸ்ரன் சென்ற 'றோயல் மெஜெஸ்ரி' என்னும் பயணிகள் கப்பலில் செய்மதி இடங்காட்டியின் அலைவாங்கி வடம் கழன்றது. கருவி, வேகத்தையும் திசையையும் கொண்ட வெறும் ஊகக் கணிப்பிற்கு மாறியது. தன்னியக்கச் சுக்கான் அதனையே மெய்யெனக் கொண்டது. ஏறத்தாழ 34 மணித்தியாலம் எவரும் இதனைக் கண்டிலர். கப்பல் 17 மைல் விலகி நன்ரக்கற் தீவருகே தரைதட்டியது. லொறான் என்னும் மற்றொரு கருவி அக்கப்பலிலேயே இருந்தது. அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரில்லை.

இதிலிருந்து சில நெறிகள் பெறப்படும். இருப்பிடத்துக்குச் செய்மதி முதன்மை பெறலாம். ஆனால் இரண்டாவது இடங்காட்டிக்குத் தனி அலைவாங்கியும் தனி மின்கலமும் வேண்டும். ஒரே மின்கலத்தில் இயங்குவன இரு சான்றுகளாகா. சுக்கானுக்குத் திசையறிகருவியே முதன்மையானது. சாதாரண இடங்காட்டி கலம் நகரும் திசையைக் கூறுமேயன்றி அணியம் நோக்கும் திசையைக் கூறாது. நீரோட்டத்தில் இவையிரண்டும் வேறாகும். கொட்டியாரக் குடாவில் கடலடி ஆழ்பள்ளமாகச் சரிவதால், ஆழமானியின் அளவைக் கடல்வரைபடத்தோடு ஒப்பிடுதல் செய்மதியைச் சாராத சான்றாகும். ஒரு மூலம் அற்றுப்போய்க் கருவி மற்றொன்றிற்கு மாறும்போது மௌனமாக மாறாது ஒலியெழுப்புமாறு அமைத்தலும் இன்றியமையாதது.

இது பொறிநுட்ப வினா மாத்திரமன்று. கருவியை வாங்குபவர் கரையிலிருக்கும் முதலாளி. அதனை அமைப்பவர் கடைத் தொழில்நுட்பர். தவறினால் எல்லை கடந்து சிறைப்படுவோரும் உயிரிழப்போரும் தொழிலாளரே. முன்பு அவர்தம் கண்ணிலும் நினைவிலும் இருந்த வரிசை இன்று பிறர் அமைத்த பெட்டிக்குள் ஒளிந்துள்ளது. ஆதலின், எம்மூலம் முதலாவது, எது இரண்டாவது என்பதைக் கலத்தோர் தம் மொழியில் எழுதிச் சுக்கானருகே வைத்தலும், உட்துறைமுகத்தை விட்டு நீங்குமுன் முதன்மைக் கருவியை நிறுத்தி மற்றையது இயங்குகிறதா எனத் தாமே சோதித்தலும் வேண்டும். கருவியை மறுத்தலன்று, அதன் மீதான தீர்ப்பை உழைப்போர் மீளப் பெறுதலே இங்கு வேண்டப்படுவது.