கலப்பு மணமும் குலதெய்வ வழிபாடும்



எங்கள் ஆலயத்தின் திருமணப் பதிவு மேசையில் பல ஆண்டுகளாகத் தொண்டூழியம் செய்து வருகிறேன். "மணப்பெண் சீனர், ஐயா. இங்கே தாலி கட்டலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தத் தயக்கம் எனக்குப் புதிதன்று. 1996-இல் என் மூத்த மகன் தன்னுடன் பணிபுரிந்த சீனப் பெண்ணை மணக்க விரும்பியபோது, "நம் வீட்டில் சாமி கும்பிடுவது உன்னோடு முடிந்துவிடும்" என்று கூறி, அவன் திருமணத்திற்கே போகாமல் இருந்துவிட்டவன் நான்.

கலப்பு மணத்தால் நம் வழிபாடு அழிந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை நம் அருகிலேயே, மலாக்காவில் இருக்கிறது.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில், அதாவது 15-ஆம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து வணிகர்கள் கடல் கடந்து வந்தனர். குடும்பத்தை அழைத்து வரும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. இங்கேயே தங்கிவிட்டவர்கள் மலாய், ஜாவானிய, சீனப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். 1511-இல் போர்த்துக்கீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் மலாக்காவைக் கைப்பற்றினர். வணிகம் கைமாறியது, தாயகத் தொடர்பும் தளர்ந்தது. பின்னர் அவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரு தனிச் சமூகமாயினர்.

இன்றும் காஜா பெராங் கம்பத்தில் வாழும் அவர்களின் வீட்டு மொழி மலாய். பெண்களின் பாரம்பரிய உடை சாரோங் கெபாயா. ஆனால் பெயரின் பின்னே பிள்ளை, நாயக்கர், முதலியார், படையாட்சி என்று இருக்கும். டச்சுக்காரர் தெய்வநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில் 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுகின்றனர். முத்துமாரியம்மனுக்கு விழா எடுக்கின்றனர்.

இதில் நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைகளுக்கு மொழியும் சமையலும் உடையும் தாய் வழியே வந்தன. அவற்றில் தமிழகத்தின் சாயல் குறைந்தது. வழிபாடோ வீட்டுப் படையலாலும் ஊர்க் கோயிலாலும் காக்கப்பட்டது, அது நிலைத்தது. வேற்றினப் பெண்களாய் வந்த அந்த ஆதித் தாய்மார்களும் சேர்ந்து விளக்கேற்றியிராவிட்டால் அது இத்தனை நூற்றாண்டு நின்றிருக்குமா?

பிரிட்டிஷார் காலத்தில் தோட்டத்திற்கும் துறைமுகத்திற்கும் வந்த நம்மவரிடையேயும் பெண்கள் மிகக் குறைவு. அப்போதும் சிலர் பிற இனத்தில் மணந்தனர். சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்துத் தமிழ்ப் பிள்ளைகளாகவே வளர்த்த குடும்பங்களும் பல. காவடிக்குப் பால்குடம் ஏந்தி வரும் அப்பாட்டிமார்களை நம்மில் பலர் அறிவோம்.

இன்றைய காரணம் வேறு. பள்ளியிலும் பணியிடத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் எல்லா இனத்தவரும் ஒன்றாய்ப் பழகுகின்றனர். சிங்கப்பூரில் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு திருமணம் இருவேறு இனத்தவருக்கிடையே நடக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்படி இத்திருமணங்களைப் பதிந்துகொள்ளத் தடையில்லை. 2011 முதல் குழந்தையின் பதிவில் தாய், தந்தை இருவரின் இனத்தையும் சேர்த்துக் குறிப்பிடலாம். பதிவு எளிதாகிவிட்டது, குழந்தை எந்தச் சந்நிதியில் கைகூப்பும் என்பதைத்தான் எந்தப் பதிவும் முடிவு செய்வதில்லை. அதை வீடுதான் முடிவு செய்கிறது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிறந்த பிறகுதான் மகன் வீட்டு வாசலை மிதித்தேன். வரவேற்பறை மூலையில் முருகன் படமும் விளக்கும் இருந்தன. "தினமும் யாரம்மா ஏற்றுவது?" என்றேன். "நான்தான் மாமா. அவர் வேலை முடிந்து வர நேரமாகிவிடும். மந்திரம் தெரியாது, விளக்கு மட்டும் ஏற்றுவேன். நீங்கள் சொல்லித் தருவீர்களா?" என்றார் மருமகள். நான் வீணாக்கிய மூன்று ஆண்டுகளில் சொல்லித் தந்திருக்கலாமே என்று நெஞ்சு சுட்டது. வழிபாட்டைக் கைவிட்டவர் அவரல்லர். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருந்தவன் நான்.

ஆகவே பெற்றோருக்கு என் பணிவான வேண்டுகோள் இது. வேற்றினத்து மருமகளோ மருமகனோ வந்தால் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். விபூதி எதற்கு, அருச்சனை எதற்கு என்று பொறுமையாக விளக்குங்கள். பேரப்பிள்ளைகளிடம் தமிழில் பேசுங்கள். மலாக்காவில் நாம் இழந்தது அதுதான். ஆலயத் தொண்டர்களும் அவர்களை விருந்தினராக அல்லாமல் குடும்பத்தினராகவே நடத்துவோமாக.

எல்லாக் குடும்பங்களிலும் விளக்கு அணையாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!