ஒரு கோல் செய்ய எவ்வளவு செலவு?

நீளம் மூன்று முழத்துக்குச் சற்று மேல். எடை அரைக் கிலோ. பார்த்தால் சாதாரண மரக்கோல். விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கோல் இது. இதற்குக் "கியூ" என்று பெயர். பெயர் பெற்ற கைவினைஞர் செய்த கோல் பல நூறு பவுன் விலை போகும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலர் இதைத் தங்கள் வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்.

இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள் உருவாக்கிய ஆட்டமே ஸ்னூக்கர். அதன் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள்.

எந்த மரம்?

கோலின் தண்டுக்கு ஆஷ் அல்லது மேப்பிள் மரம். கைப்பிடிக்குக் கருங்காலி. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ரேகை நேராக ஓட வேண்டும். ஈரம் போகாத மரத்தில் செய்த கோல் நாளடைவில் வில்லாக வளைந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண்!

கையால் செய்வது எப்படி?

இங்கிலாந்தில் பழைய முறை இழைப்புளி முறை. முதலில் ஆஷ் மரத்தைச் சதுரக் கோலாக அறுக்கிறார்கள். அடிப்பக்கத்தில் நான்கு முகங்களிலும் கருங்காலித் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி இறுக்குகிறார்கள். பசை காய்ந்த பிறகு இழைப்பு தொடங்குகிறது.

நாலு பட்டை எட்டுப் பட்டையாகும். எட்டு, பதினாறாகும். பிறகு உருண்டையாகும். இழைக்க இழைக்க, கருங்காலி நான்கு ஈட்டி முனைகளாகத் தெரிய வரும். வரைந்தது அல்ல, இழைப்பில் தானாக வருவது!

அடியில் சுமார் 29 மில்லிமீட்டர் பருமன். நுனியில் 9 அல்லது 10 மில்லிமீட்டர். நடுவில் மேடு பள்ளம் கூடாது. ஒரு இழைப்பு அதிகமாகப் போனால், போனதுதான். மரத்தை எடுக்கலாம், திரும்ப வைக்க முடியாது.

நுனியில் பித்தளைப் பூண், அதன் மேல் தோல் வில்லை. தோல் ஒட்டும் வழக்கத்தை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. சிறையில் இருந்தபோது அவருக்கு இந்த யோசனை தோன்றியதாம்!

செலவுக் கணக்கு

இழைப்புளி, ரம்பம், இறுக்கும் பிடிகள், பருமன் அளக்கும் காலிப்பர், உப்புத்தாள், கோலைக் கிடத்த நடுவில் பள்ளம் வெட்டிய பலகை. கை முறைக்கு இவை போதும். சில நூறு பவுனில் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் பலர் கடைசல் இயந்திரத்தில் செய்கிறார்கள். கோல் கடைவதற்கென்றே செய்த இயந்திரம் பல ஆயிரம் டாலர். அதிலும் அவசரம் உதவாது. கொஞ்சம் கடைந்து, சில வாரம் தொங்கவிட்டு, வளைகிறதா என்று பார்த்து, மறுபடி கடைகிறார்கள். இப்படி ஒரு தண்டுக்கே பல மாதம் ஆகும்.

யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது கெட்டுப்போகும் மரம்! முதலில் செய்யும் சில கோல்கள் அடுப்புக்குத்தான். ஆகவே, முதலிலேயே கருங்காலி வாங்கக் கூடாது. மலிவான மரத்தில் கை பழக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கருங்காலித் தூள் தோலில் அரிப்பு உண்டாக்கும், மூச்சுக்கும் கெடுதல். முகமூடி இல்லாமல் இழைக்கக் கூடாது. முகமூடியின் விலை குறைவு. நுரையீரலுக்கு விலை கிடையாது.

லாபமா, நஷ்டமா?

பணம் மிச்சம் பிடிக்கத்தான் கோல் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கோல்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்குவதே மலிவு. கடன் வாங்கி இயந்திரம் வாங்கினால் பொழுதுபோக்கு போய், வீட்டில் கவலை வந்து உட்காரும்.

முதலில் ஒரு இழைப்புளி வாங்குங்கள். ஒரு கோலை நேராகச் செய்து முடியுங்கள். ஒரு வருடம் கழித்தும் அது வளையாமல் நின்றால், அப்போது இயந்திரத்தைப் பற்றி வீட்டில் பேசலாம்!