பக் இருந்த பக்கம் மட்டும் பார்த்த அப்பா

மார்ச் மாதம், ஹொக்கி சீசன் முடிந்த கிழமை. டீமின் கடைசி விருந்தில் திரையில் காட்ட 30 படங்கள் வேணும் என்று மனேஜர் கேட்டிருந்தார். செப்டம்பரில் இருந்து ஆறாயிரத்துக்கு மேல் எடுத்து வைத்திருந்தேன். மூன்று இரவு முழிச்சிருந்து பொறுக்கி, சாப்பாட்டு மேசையில் மகனுக்குக் காட்டினேன். பத்து வயது. கடைசிப் படம் வரைக்கும் பேசாமல் பார்த்தான்.

"நல்லா இருக்கு அப்பா. ஆனா நான் ரெண்டு படத்திலதானே இருக்கிறன்?"

எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். அதிலும் ஒன்றில் முதுகு மட்டும்.

நான் ஸ்காபரோவில் வளர்ந்தவன். ஆனாலும் ஸ்கேட் கட்டினதில்லை. அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. ஹொக்கிச் சாமான் வாங்கிற காசுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். மகன் விளையாடத் தொடங்கின பிறகு, மற்ற அப்பாமார் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் கமராவைத் தூக்கினேன். கையில் வேலை இருந்தால் கதைக்கத் தேவையில்லையே!

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அரினாவில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு, நான் பிழை விட்டுப் படித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் எதிரி வெள்ளை ஐஸ். இவ்வளவு வெள்ளையைக் கண்டதும் கமரா, வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். ஐஸ் சாம்பல் நிறமாக வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் அளவுக்குக் கூட்டுங்கள். அதைவிட நல்லது, பிள்ளைகள் வோர்ம்-அப் செய்யும்போதே எல்லாவற்றையும் மனுவலில் செட் பண்ணிவிடுவது. ஆட்டம் முடியும்வரை வெளிச்சம் பெரிதாக மாறாது.

ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகள் மெதுவாக ஓடினாலும் மட்டையின் வீச்சு வேகமானது. அதற்கு ஐஎஸ்ஓ 3200, சில அரினாவில் 6400 கூடத் தேவைப்படும். படத்தில் மணல்மாதிரிப் பொரி தெரியும், பரவாயில்லை. பொரியைக் கம்பியூட்டரில் குறைக்கலாம், கலங்கின முகத்தைத் திருத்த முடியாது. பிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும், பிள்ளைகளின் கண்ணிலும் அடிக்கும்.

கண்ணாடியில் பக் பட்ட கறுப்பு அடையாளம் இல்லாத இடமாகப் பார்த்து, லென்ஸை நேராக, ஒட்டினமாதிரி வையுங்கள். சரித்துப் பிடித்தால் பின்னால் நிற்கிறவரின் ஜக்கெட்டும் படத்தில் வரும். ஹெல்மெட் கம்பியில் போகஸ் விழுந்து முகம் மங்குவது இன்றைக்கும் எனக்கு நடக்கிறது. அதனால்தான் நாலைந்து படங்களை ஒரேயடியாக எடுக்கிறோம்.

பொறுக்குவது வேறு வேலை

எடுப்பதைவிடக் கஷ்டம் பொறுக்குவதுதான். என் விதி எளிது: முகம் தெரியவேணும், பக் தெரியவேணும், எதிராளி ஒருவன் கிட்ட நிற்கவேணும். மூன்றும் இல்லாவிட்டால் டிலீட். விளையாட்டுப் படம் எடுக்கிறவர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள்.

மகன் கேட்ட இரவே எக்செலைத் திறந்து, 30 படத்திலும் இருந்த ஜெர்சி நம்பர்களைப் போட்டேன். டீமில் 17 பிள்ளைகள். கோல் அடிக்கிற நாலு பேர்தான் 22 படங்களில். மூன்று பேர் ஒன்றிலுமே இல்லை. சொந்தப் பிள்ளைக்கென்று பக்கம் பார்க்காமல் நேர்மையாகப் பொறுக்கினேன் என்று நினைத்திருந்தவனுக்கு அது சரியான அடி. என்னுடைய விதியே பக் வைத்திருக்கிறவனின் பக்கம்தான் நின்றிருக்கிறது.

சமாதானம் சொல்ல, அடுத்த நாள் மகனுக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினேன். 1970 மே 10, பொஸ்டன் கார்டன். ஸ்டான்லி கப்பை வென்று கொடுத்த கோலை அடித்துவிட்டு பொபி ஓர் அந்தரத்தில் பறக்கிறார். எடுத்தவர் ரே லுஸ்ஸியே. "பார், இவரும் உன்னைப்போல டிபென்ஸ்தான்!"

அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். "அவரும் கோல் அடிச்சபடியால்தானே அப்பா எடுத்தவை?"

எனக்குப் பதில் வரவில்லை. லப்டொப்பை அவனிடமே கொடுத்தேன். நான் கழித்த படங்களைத் தட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். பின்பக்கமாக ஸ்கேட் பண்ணிக்கொண்டு, மட்டையை ஒரு கையால் நீட்டியபடி அவன். எதிரே வருகிற பையன் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறான். பக் படத்திலேயே இல்லை.

"நடுவால வரவிடாமல் அவனை போர்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போறன். பக்குக்குப் பின்னால ஓடக்கூடாது, அவன்ர நெஞ்சைப் பார்க்கவேணும் எண்டு கோச் சொல்லித் தந்தவர். இதுதான் என்ர வேலை."

ஏழு மாதமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றும், என் பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

30 படங்களையும் புதிதாகப் பொறுக்கினேன். முதலில் ஆளுக்கு ஒன்று. கோலி இல்லாதபோது சுவரில் சாய்ந்து தண்ணீர் குடிக்கிற பெண்பிள்ளை என்று ஒரு காலத்தில் கழித்ததும் அதில் வந்தது. மிச்ச 13 இடத்துக்குத்தான் கோல்கள். அந்த மூன்று பிள்ளைகளின் படம் திரையில் வந்தபோது அவர்களின் மேசையில் எழுந்த சத்தத்தைக் கேட்டேன். படங்களைப் பொதுவில் போடவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள் அல்லவா? பெற்றோர் சம்மதித்த பிறகு அவர்களுக்கு மட்டும் அனுப்பினேன்.

இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் மூன்று நம்பரை எழுதிக்கொண்டு போகிறேன். பக் எங்கே போனாலும் கமரா அந்த மூவரோடுதான். கடைசிப் பீரியட்டில் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா பார்க்கிறேன்.

பக் இல்லாத அந்தப் படம் எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. போன கிழமை வந்த என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "கம்பிக்குள்ள முகமே தெரியேல்லை. ஏன் பிள்ளை பின்னுக்குப் போறான், பயந்துபோனானோ?"

"இல்லை அம்மா," என்று கதிரையை இழுத்துப் போட்டு, அவன் என்ன செய்கிறான் என்று சொல்லத் தொடங்கினேன்.